மகள் கட்டிய மாதிரி மிருகாசுபத்திரி

காலை பத்தேகாலுக்கு எங்கள் பால் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பைப் போட்டேன். 'என் மகள் செய்தது. மாட்டுக்கு டாக்டர் வேண்டுமென்றால் இதில் பதியலாம்' என்று பெருமையாக எழுதியும் வைத்தேன்.

பதியலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மகள் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மற்ற மென்பொருள்களைச் சோதிக்கும் மென்பொருளை அவர்கள் தயாரிக்கிறார்கள். அதை ஓட்டிப் பார்க்க மாதிரி இணையதளங்கள் வேண்டும். அவற்றைக் கட்டுவதும் நடத்துவதும் இவள் வேலை. பொய்க் கடை, பொய் பஸ் முன்பதிவு என்று செய்தவள் இந்த முறை மாட்டு வைத்தியத்துக்கு ஒரு மிருகாசுபத்திரி செய்திருந்தாள். தமிழ் எழுத்துகள் சரியா என்று பார்க்கத்தான் எனக்கு அனுப்பினாள்.

தளத்துக்குள் வேண்டுமென்றே பிழைகளை வைப்பாள், சோதனை அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க. ஒரு பிழையை எங்கே ஒளிப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்க அவள் யோசித்ததைப் பார்த்திருக்கிறேன். நான் படித்த பி.காமில் தப்பைத் திருத்தத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பை இத்தனை ஒழுங்காகச் செய்யவும் ஆள் வேண்டும் என்பதை இவளிடம்தான் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, இதை ஆருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"குரூப்புல போட்டேன் அம்மிணி. ஏன்?"

திரையைக் காட்டினாள். சோதனை இயந்திரம் நிரப்பிய பதிவுகள் வரிசையாக நின்றன: பசு 1, பசு 2, அர்த்தமில்லாத எழுத்துகள். நடுவே ஒன்று: 'செவலைப் பசுவுக்குக் கண்ணுக்குட்டி மாட்டிக்கிச்சு. ஒரு கால் மட்டும் தெரியுது. வெரசா வாங்க.'

எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"மெசினு 'வெரசா வாங்க'ன்னு எழுதாதுங்கப்பா" என்றாள்.

கீழே இருந்த நம்பர் அடுத்த தோட்டத்துக்காரருடையது. யார் எந்த நேரத்துக்குப் பதிந்தாலும் 'டாக்டர் கிளம்பிவிட்டார்' என்று பதில் போகும். அது அவள் வைத்த பிழைகளில் ஒன்று. நான் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, உங்க புள்ளைக்கு ஒரு கும்புடு போடோணும். பதிஞ்ச ஒடனே டாக்டரு கெளம்பீட்டாருன்னு வந்துருச்சு. முக்கா மணி நேரமாச்சுங்க, வண்டில வாராரா, நடந்து வாராரா?"

மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

"பெரீப்பா, அது நெசமில்லீங்க. சோதனைக்கு நான் செஞ்சது. ஆரும் கெளம்பலீங்க. கண்ணுக்குட்டி காலைப் புடிச்சு இழுத்துராதீங்க, இப்பவே நெச டாக்டரைக் கூப்புடறேன்."

ஒரு சொல் மழுப்பவில்லை. நானாக இருந்தால் சமாதானத்தில்தான் தொடங்கியிருப்பேன். டாக்டரிடம் பேசிக்கொண்டே மறுகையால் தளத்தை நிறுத்தினாள். கம்பெனியில் சோதனை பாதியில் நின்றது. 'நிறுத்தியது நான்தான், காரணம் பிறகு' என்று மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினாள். வேறு மனிதர் யாரும் பதிந்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் எழுந்தாள்.

நாங்கள் போனபோது தோட்டத்தில் செவலை படுத்துக்கிடந்தது. மூச்சு வாங்கியது. தோட்டத்துக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேரள எல்லையில் வேலந்தாவளத்தில் அன்று சந்தை. மாட்டு லாரிகளுக்கு நடுவே டாக்டரின் ஜீப் வர வேண்டும். மகள் ரோட்டு முனையில் நின்று டிரைவருக்குப் போனில் குறுக்குவழி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அந்த வாட்ஸ்அப் குழுவைத் திறக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா வந்து இறங்கினார். கையுறை போட்டு மண்டியிட்டார். வெகுநேரம் கழித்துக் கன்று சாக்கில் விழுந்து தும்மியது. கை கழுவிக்கொண்டே என்னையும் மகளையும் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"தள்ளைப் பசுவும் கன்னும் சுகம். இன்னும் அரை மணிக்கூர் போயிருந்தா ரெண்டும் இல்ல. உங்க மோளு நேரத்துக்குப் போன் விளிச்சது."