அவளுக்குக் கொடுக்காத இரண்டு மாத்திரை

என் மனைவிக்கான மாத்திரையைச் சாக்கடையில் போட்டவன் நான். கைதவறி அல்ல, தெரிந்தே போட்டேன். நீங்கள் காறித் துப்பலாம்.

பட்டுச்சேலை கொடுக்கப் பெங்களூர் போனவன், போகக் கூடாத இடத்துக்கும் போனேன். ஒரே வாரத்தில் பிறப்புறுப்பில் புண். தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து சூட்டுக் கொப்புளம் என்று வீட்டில் சொன்னேன். நம்பினார்கள்.

அரசு மருத்துவமனை டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "கிருமியால வர்ற புண்ணு. ரெண்டு மாத்திரை, ஒரே வேளை, ஆறிடும். உங்க மனைவிக்கும் ரெண்டு. அவங்களுக்குப் புண்ணு இல்லைன்னாலும் போட்டே ஆகணும்" என்றார்.

என்னுடையதை அங்கேயே விழுங்கினேன். அவளுடையது... எதற்கென்று கேட்பாளே என்று பயம். கேட்டால் என்ன? கேட்கட்டுமே! இப்போது பேசுகிற வாய் அப்போது எங்கே போயிருந்தது?

என் மனைவி செல்விக்கும் புண் வந்தது. தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா தள்ளி நெய்கிறவள், வலியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். "இன்னும் நாலு விரல் நெசவுதான், முடிச்சிடலாம்" என்றேன். நானெல்லாம் ஒரு மனிதனா?

என்னைத் தெரியாத இடமாகப் பார்த்து, செவிலிமேடு தாண்டி ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். "வேற யாருகூடனா..." என்று இழுத்தாள் நர்ஸ். செல்வியின் தலை குனிந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். எனக்கு ஒன்றுமில்லை என்று அந்த டாக்டரிடமும் பொய் சொன்னேன். அவர் இருவருக்கும் மருந்து கொடுத்தார். என் பங்கு மாத்திரையை விழுங்க மட்டும் நான் மறந்ததேயில்லை.

பஸ்ஸில் அழுதாள். "நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. எங்கேந்து வந்துச்சு?"

"ஓரிக்கையில உங்கம்மா வீட்டு கக்கூஸ் சுத்தமாவா இருக்குது? அங்கேந்து ஒட்டிக்கினு வந்திருக்கும்" என்றேன்.

பச்சைப் பொய். இந்த நோய் கக்கூஸிலிருந்து வராது, கூடப் படுத்த ஆளிடமிருந்துதான் வரும். டாக்டர் சொல்லி எனக்குத் தெரியும்.

அவள் நம்பினாள். புண் ஆறிவிட்டது. அம்மா வீட்டுப் படியேறி இரண்டு வருடமாகிறது. கருட சேவை பார்க்க அந்த அம்மாள் இங்கே வந்தபோது, அவர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள் செல்வி. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

பொண்டாட்டிக்குக் கூடவே நின்று வைத்தியம் பார்த்த தங்கமான மனுஷன் என்கிறது தெரு. கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. யார்மேல் கோபப்படுவது?

நேற்று மாமியார் போன் செய்தார். "மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க. எம்பொண்ணுக்கு நான் என்னா தப்பு பண்ணேன்?"

"கேட்டுச் சொல்றேன் அத்தை" என்றேன்.