போர்ட் சிவந்த ஞாயிற்றுக்கிழமை

கல்லல் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் யோகலட்சுமியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. லேப்டாப்பைக் கழற்றி மாட்ட அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. முன்பு காரைக்குடியில் வேலை பார்த்த கடையில், பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று பில் போட மட்டும் உட்கார வைத்தார்கள். போங்கடா என்று போனில் தேடித் தேடியே தொழிலைக் கற்றுக்கொண்டாள். பதினோரு வருடமாகச் சொந்தக் கடை. யாரிடமும் போய் நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு கர்வம். அந்தக் கர்வம்தான் அன்றைக்கு அவளைப் படுத்தி எடுத்தது.

அவள் கணவர் ஐயனாருக்கு மதுரையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நரம்பைத் தேடிக் குத்த வேண்டாம் என்று, வலது மார்பில் தோலுக்கடியில் ஒரு சின்னக் குமிழைப் பதித்திருந்தார்கள். அதற்குப் பெயர் போர்ட்; கம்ப்யூட்டரில் ஒயர் சொருகுகிற ஓட்டைக்கும் அதே பெயர்தான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதைச் சுற்றிச் சிவந்திருந்தது. உடம்பும் கதகதவென்று சுட்டது. வீட்டில் தனியாக விட மனசில்லாமல் கடைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, யோகலட்சுமி வழக்கம்போலப் போனை எடுத்தாள்.

'போர்ட் சிவப்பு' என்று அடித்தாள். இன்டர்நெட் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று வந்தது. 'போர்ட் வீக்கம்' என்றாள். வீங்கிப்போன லேப்டாப் பேட்டரிகள் வரிசை கட்டி நின்றன. தொற்று என்று சேர்த்தாள். வைரஸை ஒழிக்கிற சாஃப்ட்வேர் விளம்பரம் பல்லைக் காட்டியது. இத்தனை வருடம் இவள் கேட்டதெல்லாம் கம்ப்யூட்டர் சங்கதிதானே, அந்தப் போனுக்கு வேறென்ன தெரியும்!

"நோய்ப் பேரையும் சேத்து அடி லெச்சுமி," என்றார் ஐயனார்.

"சும்மா இருக்கீகளா!" என்று எரிந்து விழுந்தாள். அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதுமில்லை, விரலால் அடித்ததுமில்லை. வீட்டில் 'கட்டி' என்பதோடு சரி.

"அப்ப மதுரை நர்சம்மா நம்பர் குடுத்துச்சுல்ல, அதுக்காச்சும் போடு."

"ஞாயித்துக்கிழமை எவ எடுப்பா? நானே பாத்துச் சொல்றேன், பேசாம இருங்க."

எட்டு ஒன்பதாகி, மணி பத்தே முக்கால் ஆனது. தமிழில் அடித்தாள், இங்கிலீஷில் அடித்தாள். சார்ஜ் ஏறாத போர்ட், அடைத்துக்கொண்ட போர்ட், திறக்காத போர்ட். ஆத்திரம் பொறுக்காமல், "சனியனே, மனுசனுக்குக் கேக்குறேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். ஐயனார் சிரிக்கப் பார்த்தார், பல் கிட்டிக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வார்த்தையை அடித்துக்கொண்டிருந்தாள்.

ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டரை வாங்க வந்த ஜெராக்ஸ் கடை பொன்னழகுதான் கவனித்தாள். பிரிண்டரைக் கேட்காமல் நேரே போய் ஐயனார் நெற்றியில் கையை வைத்தாள்.

"ஆத்தாடி! அனலாக் கொதிக்குது. மனுசன் வெடவெடன்னு நடுங்குறாரு, நீ அங்குட்டுத் திரும்பிக்கிட்டுப் போனை நோண்டுறியேடி! ஆஸ்பத்திரிக்குக் கூப்புடு மொதல்ல!" என்று சத்தம் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

யோகலட்சுமி மதுரை நம்பருக்குப் போட்டாள். இரண்டாவது ரிங்கிலேயே நர்ஸ் எடுத்துவிட்டார். அதுவே அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு, போர்ட் சிவந்ததையும் காய்ச்சலையும் சொன்னாள்.

"இந்த மருந்து ஏத்துறவங்களுக்குக் காய்ச்சல்னா ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாதும்மா. காரைக்குடியில பெரிய ஆஸ்பத்திரியா பாத்து ஒடனே போயிருங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். காய்ச்சல் எப்ப இருந்து?"

யோகலட்சுமி மணியைப் பார்த்தாள். ஐயனார் அவள் முகத்தைப் பார்த்தார். நடுக்கத்தோடு போன் பக்கம் குனிந்து, "இப்பத்தாம்மா, ஒரு அரை மணி நேரமா," என்றார்.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"இல்லம்மா, காலையில எட்டு மணியில இருந்து. நான்தான் கூப்புடல."