ஸ்டெல்லா டீச்சர் காரில் என் வீட்டுக்காரர்

ஒரு வியாழக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் தன் சட்டையைத் தானே அயர்ன் பண்ண ஆரம்பித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அயர்ன் பாக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். பம்ப் செட் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு லுங்கியும் பேப்பருமாகக் கிடந்த மனுஷன், இப்போது காலர் மடிப்பைக்கூட விடாமல் தேய்க்கிறார்!

"ஏனுங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"தொண்டாமுத்தூருக்கு அம்மணி. சிஸ்டர்மாரு அனுப்பறாங்க."

விஷயம் இதுதான். பீளமேட்டில் எங்கள் மாதா கோயிலை ஒட்டி ஒரு கன்னியர் மடம். துணைக்கு ஆளில்லாமல் படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அந்தச் சபையின் வேலை. மதம் பார்ப்பதில்லை. ஜெபம் பண்ணச் சொல்லித் தொந்தரவு செய்வதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வர வேண்டும்... அவ்வளவே. ஆனால் இப்போதெல்லாம் மடத்தில் புதிதாகச் சேர வரும் பெண்கள் குறைவு. இருக்கிற சிஸ்டர்களுக்கோ முட்டி வலி. அதனால் எங்களைப் போன்ற குடும்பஸ்தர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் பயிற்சி, பீடத்துக்கு முன்னால் ஒரு வாக்குறுதி, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. அப்புறம் சிஸ்டர்கள் செய்யும் அதே வேலையை நாமும் செய்யலாம். என் வீட்டுக்காரரும் அப்படிச் சேர்ந்தவர்தான்.

நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் சொன்னேன் — வாசலில் கார் ஹாரன் கேட்கும் வரை.

இயேசு தன் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார் அல்லவா? அதனால் இவர்களும் ஜோடி போட்டுத்தான் அனுப்புவார்களாம். என் வீட்டுக்காரருக்கு வாய்த்த ஜோடி... ஸ்டெல்லா டீச்சர்!

ஸ்டெல்லா டீச்சரை உங்களுக்குத் தெரியாது. பாடகர் குழுவில் எப்போதும் முன்வரிசை. கட்டுகிற காட்டன் புடவை கசங்கவே கசங்காது. ஐம்பதைத் தாண்டியும் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். காரை அவரே ஓட்டுவார். என் வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, எனக்கு டாட்டா காட்டினார்.

பொறாமையா என்கிறீர்களா? பொறாமையேதான். வயிறு எரிந்தது. அதற்கு வேறு கௌரவமான பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

தப்பாக ஒன்றும் நடக்காது என்று தெரியும். அந்தப் பயம் இல்லை. என் ஆற்றாமை வேறு. வீட்டில் இந்த மனுஷன் பேசுவதே மூன்று வார்த்தை — "ம்", "செரி", "காப்பி". அப்படிப்பட்டவர் சாயங்காலம் அந்தக் காரிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறார்! என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு." கேட்டைச் சாத்துவதற்குள் சிரிப்பும் காணாமல் போய்விடும். எனக்குச் சேர வேண்டிய சிரிப்பை வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் மடத்தில் பெயர் கொடுத்துவிட்டேன்.

மடத்துத் தலைவி சிஸ்டர் லூர்துவுக்கு ஒரே சந்தோஷம். "ஆண்டவரோட அழைப்புங்க இது!" என்றார். ஆண்டவர் அழைத்தாரோ என்னவோ, என்னை அழைத்தது அந்தக் கார் ஹாரன். பயிற்சிக்கு ஒழுங்காகப் போனேன். வாக்குறுதியை வாசித்தேன். கழுத்தில் சிலுவை ஏறியது. மனசுக்குள் ஒரே நினைப்பு — இனிமேல் இவருக்கு ஜோடி நான். டீச்சர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பூசை முடிந்ததும் சிஸ்டர் ஜோடிகளை அறிவித்தார். என் பெயரோடு சேர்த்து வாசித்த பெயர்... ஸ்டெல்லா டீச்சர்!

"சிஸ்டர், என்னைய என் வீட்டுக்காரர்கூடவே அனுப்பிப்போடுங்க" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அய்யோ, புருஷன் பொண்டாட்டிய ஒண்ணா அனுப்பறதே இல்லீங்க. ரெண்டு பேரும் உங்க ஊட்டுக் கதையவே பேசிட்டிருப்பீங்க. படுத்துக் கெடக்கறவங்கள யாருங்க பாக்கறது? மொத வகுப்புலயே சொன்னமுங்களே..."

நான் சேர்ந்தது மூன்றாவது வகுப்பில்.

என் வீட்டுக்காரரை அன்னூர்ப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள மாற்றிவிட்டார்கள். முன்சீட் எனக்கு. போன வியாழக்கிழமை அதில் உம்மென்று உட்கார்ந்து போனேன். டீச்சர் வழியெல்லாம் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார். நான் "ம்" கொட்டியே சமாளித்தேன்.

தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. சரோஜினி அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்து ஒரு வருஷமாகிறது. யானை புகுந்துவிடாமல் ராத்திரி தோட்டத்துக்குக் காவல் இருக்கும் மகன் பகலில் தூங்குகிறார். மருமகள் வேலைக்குப் போகிறார். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா கழுத்தைத் தூக்கி எங்களுக்குப் பின்னால் தேடினார்.

"பாட்டுக்காரரு வல்லீங்களா?"

"யாருங்கம்மா அது?"

"நம்ம அந்தோணிங்க! அவரு பாட, டீச்சர் தாளம் போட... நான் படுத்துக் கெடக்கறதே மறந்து போயிருமுங்க. நீங்க யாருங்க, புதுசா?"

நான் யார்? அந்த அந்தோணியோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவர் பாடுவார் என்று தெரியாதவள். டீச்சர்தான், "இவங்கதாங்க அந்தோணி சார் வீட்டம்மா" என்றார்.

"அட! அப்ப உங்களுக்குத் தெனமும் கச்சேரிதான். குடுத்து வெச்சவங்க!"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்ணில் இருந்தது அப்பட்டமான பொறாமை. எனக்கா அடையாளம் தெரியாது? இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். பேச்சு முழுக்க என் வீட்டுக்காரர் பாட்டைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்தால், அன்னூரிலிருந்து முன்னாலேயே வந்து பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க பாடுவீங்களா?"

பேப்பர் மெதுவாக இறங்கியது. "யாரு சொன்னா?"

"தொண்டாமுத்தூரே சொல்லுது. எனக்கு மட்டும் ஏனுங்க ஒரு நாளும் பாடல?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"சரோஜினி அம்மா மொத நாளே கேட்டாங்க அம்மணி, பாடத் தெரியுமான்னு. நீ கேட்டதே இல்லியே..."

கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. கேஸ் புக் பண்ணிட்டீங்களா, பால் வாங்கிட்டீங்களா, மோட்டாரை ஆஃப் பண்ணீங்களா என்று ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிறேன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பாவம் ஸ்டெல்லா டீச்சர்! அந்த மனுஷி தாளம் மட்டும்தான் போட்டிருக்கிறார். அவரையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினேன்?

பையைக்கூட இறக்கி வைக்காமல் எதிரில் உட்கார்ந்தேன். "இப்பப் பாடுங்க."

கூச்சப்பட்டுக்கொண்டே பாடினார். ஏதோ ஒரு பழைய சினிமாப் பாட்டு. குரல் சுமார்தான், மேலே போகும்போது கொஞ்சம் பிசிறடித்தது. நான் பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? அட, நீங்க வேற... இப்போது அது, வாரா வாரம் இவர் பாட்டைக் கேட்கிற அன்னூர்ப் பெரியவர் மேல் திரும்பியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லி வைத்துவிட்டேன் — பல்லவியை அங்கே பாடிக்கொள்ளுங்கள், சரணம் எனக்கு!