வேரோனிக்கா அக்கா கூட்டிய முற்றம்

வேரோனிக்கா அக்காவுக்கு எங்கே போனாலும் முற்றம் கூட்ட வேண்டும். 1985இல் பேசாலையிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தபோது அவர் பெட்டிக்குள் இருந்தவை நாலைந்து உடுப்பு, ஒரு அந்தோனியார் படம், ஒரு ஈர்க்கு விளக்குமாறு. விமான நிலையத்து அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தானாம்.

ஸ்காபரோவில் வீட்டுக்கார மிசஸ் ஹட்டனின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, எனக்கு ஒரு அறை, அக்காவுக்கு ஒரு அறை. அக்கா பகலில் தையல் பாக்டரியில் கொலர் தைப்பார். கணவர் அருள்நாயகமும் இரண்டு பெண்பிள்ளைகளும் மெட்ராசில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். வந்தால் அவர்களும் இங்கேயே இருக்கலாம் என்று மிசஸ் ஹட்டன் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். விசாப் பாரத்தில் எழுதிக் கொடுத்த விலாசமும் அதுதான். ஒரு குடும்பத்தையே வைத்திருக்கச் சம்மதிக்கும் வீட்டுக்காரரை அந்த நாளில் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. அதனால் மிசஸ் ஹட்டனின் மனம் கோணாமல் நடப்பது அக்காவின் இரண்டாவது வேலையாக இருந்தது.

அடுத்த வருடம் ஆடி மாதம் மிசஸ் ஹட்டன் வன்கூவரில் இருக்கும் மகளிடம் போனார். மே மாதம்தான் வருவேன், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வளவைப் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் போயிருக்கலாம். அக்காவைப் பொறுத்தவரை ஒரு வளவைப் பார்ப்பது என்றால் மண் தெரியக் கூட்டுவது. காலடியில் புல்பூண்டு நின்றால் அது ஆளில்லாத வீடு, அதற்குள் பாம்பு இருக்கும்.

மேப்பிள் மரத்தின் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு செடி கூட்டமாக நின்றது. விரல்களை விரித்த கை போன்ற இலை. அந்த நேரம் பூவெல்லாம் முடிந்து, இலை மஞ்சளாகி, கொக்கின் அலகு போல நீண்ட காய்கள் காய்ந்திருந்தன. செத்த பூண்டு என்று அக்கா தீர்மானித்தார். பிடுங்கப் போனபோது காய்கள் சுருண்டு வெடித்து, விதைகள் அவர் கன்னத்திலேயே அடித்தனவாம். அதில் வந்த கோபத்தோடு மூன்று குப்பைப் பை நிறையப் பிடுங்கினார். தடித்த வேர்கள் முறிந்து உள்ளே நின்றதை மண்போட்டு மூடினார். வருடக்கணக்காகக் கிடந்த சருகை வாரிவிட்டு, மரத்தடியிலிருந்து வேலிவரை கோடு கோடாகக் கூட்டினார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வடிவாகத்தான் இருந்தது.

டிசம்பரில், நத்தாருக்கு மிசஸ் ஹட்டனிடமிருந்து ஒரு கார்ட் வந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் ஓடாது, நான்தான் வாசித்துச் சொன்னேன். மேப்பிளின் கீழே இருக்கும் காட்டு ஜெரேனியம் இப்போது பனிக்குள் உறங்கும், ஹரோல்ட் காட்டிலிருந்து கிண்டிக் கொண்டுவந்து தன் கையால் நட்டது, வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஹரோல்ட், செத்துப்போன அவருடைய கணவர்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர். குப்பை லொறியில் போனதை அவர் எங்கே தேடுவார் என்று நான் பகிடி விட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான். சித்திரையில் விசா கிடைத்து, ஜூனில் வருகிறோம் என்று அருள்நாயகம் அண்ணை தந்தி அடித்தார்; அதை நான் மிசஸ் ஹட்டனுக்கும் எழுதிப் போட்டேன். அக்கா சந்தோசப்படவும் பயந்தார். பின்வளவுப் பக்கம் அவர் எட்டியும் பார்க்கவில்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வரும் எனக்கு அந்த நினைப்பே இல்லை.

மே மாதம் பொல்லை ஊன்றிக்கொண்டு மிசஸ் ஹட்டன் வந்தார். அவர் பின்கதவைத் திறக்கப் போக, அக்கா குறுக்கே நின்று என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நான்தான் பிடுங்கினனான் எண்டு சொல்லு. குப்பை எண்டு நினைச்சதைச் சொல்லாதை. சாட்டுச் சொல்லுற மாதிரி இருக்கும்."

சொன்னேன். மிசஸ் ஹட்டனின் முகம் வெளிறிப் போனது. கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம்.

மரத்தடியில் முறிந்த வேரெல்லாம் முளைத்து, இளம் ஊதாவில் ஐந்து இதழ்ப் பூக்கள் நின்றன. அதோடு முடியவில்லை. அக்கா கூட்டிய வழியெல்லாம், வேலிவரைக்கும், நகம் அளவில் நூற்றுக்கணக்கான கன்றுகள். எல்லாவற்றிலும் அதே விரித்த கை.

மிசஸ் ஹட்டன் கனநேரம் பார்த்துவிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டார். அக்கா உள்ளே ஓடிப்போய் ஈர்க்கு விளக்குமாற்றைக் கொண்டுவந்து காட்டினார். மிசஸ் ஹட்டன் சிரித்துச் சிரித்துப் படியிலேயே இருந்துவிட்டார். இதை வேலிவரைக்கும் கொண்டுபோக ஹரோல்ட் பதினொரு வருடம் பாடுபட்டாராம். சருகு மூடிக் கிடந்ததில் விதை மண்ணைத் தொடவேயில்லை, அது இப்போதுதான் விளங்குகிறது என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஜூனில் எத்தனையாம் திகதி வருகிறார்கள் என்று கேட்டார்.

அக்கா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஐந்து மாதப் பயம் ஒரே மூச்சில் போனது.

அருள்நாயகம் அண்ணை வந்த மறுநாள் காலை பின்வளவைப் பார்த்துத் திகைத்துப்போய், நேரே விளக்குமாற்றை எடுத்தார். அக்கா அதைப் பறித்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"காய் வெடிச்சு முடியட்டும். அதுக்குப் பிறகு கூட்டுங்கோ."

கீழே பேஸ்மென்றில் பிள்ளைகள் இரண்டும் இன்னும் நித்திரை.