ஒரு றாத்தல் பாணின் பாரம்

தேவாலயங்களில் குண்டு வெடித்து, பண்ணைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து, திரும்பவும் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்ன வருடம். அந்த வருடம்தான் படம் எடுக்கிற தியாகண்ணை சின்னக் கமெராவை வாங்கினவர். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஊருக்கு என்ன வந்ததோ அதை வைத்துத்தான் வருடங்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவர் போன இந்த வருடத்தை இனி அவரை வைத்துத்தான் சொல்லுவேன்.

செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. அவர் கிடந்தது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில், நான் இருந்தது புளியங்கூடலில். இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் ஓட்டம்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் மகள் வதனிக்குச் சொல்லி, வதனி அங்கிருந்து எனக்குப் போன் அடித்தாள். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். "நாகு மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

இப்போது அவள் வந்து நிற்கிறாள். செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் என் சொல்லும் இருக்கவேண்டுமென்று, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவரை அறிந்த நீங்கள் தேவாரத்தையும் புலம்பலையும் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

தீவுப் பகுதியில் தியாகண்ணை படம் எடுக்காத கல்யாணவீடு குறைவு. அவர் எடுப்பார், நான் பக்கத்தில் வெளிச்சக் குடையைப் பிடிப்பேன். பிறகு கல்யாணங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. பிள்ளைகள் அங்கே, தாய்தகப்பன் இங்கே. அங்கிருந்து கூப்பிட்டு, "அண்ணை, அம்மா ஏலாமல் கிடக்கிறா. ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கோ" என்பார்கள். எதற்கென்று சொல்லமாட்டார்கள். கல்வெட்டின் முன்பக்கத்துக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். கிடக்கிறவருக்கும் தெரியும். தியாகண்ணை தன்னுடைய கறுத்த பெரிய கமெராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தால், உள்ளே திருநீறு பூசி, நல்ல சேலையைச் சுற்றி, சுவரோடு கதிரையைப் போட்டு ஆளை இருத்திவிடுவார்கள். முகம் இறுகிப்போகும். ஒரு கிழவர் அவரைக் கண்டதும், "என்ன தியாகர், என்ரை முறை வந்திட்டுதோ?" என்றே கேட்டார்.

அந்தக் கேள்வி அவரைத் தின்றது. திரும்பி வரும் வழியில் சொன்னார்: "நாகு, நான் எடுக்கிற ஆக்கள் எல்லாரும் செத்தாப்பிறகு பாக்கிற மாதிரியே இருக்கினம். உயிரோடை இருக்கிற மாதிரி ஒவ்வொருத்தரையும் ஒருக்கா எடுக்கவேணும்." அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோள்மூட்டும் போனது. நெடுந்தீவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போய்ப் படகால் இறங்கும்போது வழுக்கினார். கமெராவைக் காப்பாற்றப் போய்த் தோளைக் கொடுத்தார். பெரிய கமெராவைக் கண்ணுக்குத் தூக்கினால் கை நடுங்கும். ஸ்ராண்டில் பூட்டித்தான் எடுக்கலாம் என்றாகிவிட்டது. மூன்று காலையும் விரிப்பதைக் கண்டால் கதிரையில் இருப்பவர் இன்னும் பயந்தார். "இது கல்யாணவீட்டுக்கு இருக்கட்டும். கையிலை பிடிக்க ரெண்டாவதாய் ஒண்டு வேணும், பாரமில்லாததாய்" என்றார்.

பட்டணத்தில் பழைய கமெரா விற்கிற கடைக்குப் போனோம். கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில், படிக்கிற பிள்ளைகள் முதன்முதலில் வாங்குகிற வகையில் ஒன்று கிடந்தது. வந்து கனகாலமான மொடல், பிளாஸ்ரிக் உடம்பு. அவர் அதையே கேட்டார். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, உது பழசு. உதிலை வீடியோ வராது."

"அப்ப நல்லது. செத்தவீட்டை வீடியோ எடுக்க ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

"உங்கடை பழைய லென்ஸ் பூட்டலாம். ஆனால் தானாய்ப் போகஸ் பிடியாது. கையாலை திருப்பவேணும்."

"கல்யாணம் கட்டின காலத்திலையிருந்து நான் கையாலைதான் திருப்பினனான் தம்பி."

தியாகண்ணை அதை எடுத்து என் கையில் தந்தார். "பிடியும் நாகு. என்ன பாரம்?"

"ஒரு றாத்தல் பாண் இருக்கும் அண்ணை."

அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. வெளியே வந்ததும் மெய்யாகவே பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கி, ஒரு கையில் பாணும் மறு கையில் கமெராவுமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீர் தராசுதான் காணும்" என்றார். இரண்டையும் ஒரே சொப்பிங் பையில் போட்டார். பண்ணையில் பையைத் திறந்து பார்த்த ஆமிக்காரன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். பெரிய கமெராப் பை என்றால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கவேண்டியிருந்திருக்கும்.

மண்கும்பானில் பஸ்ஸின் ரயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி நின்றோம். கடல் காற்று கண்ணில் அடித்தது. அவர் கமெராவை எடுத்து, கொண்டுபோயிருந்த பழைய லென்ஸைப் பூட்டி, என்னைப் பார்த்துத் திருப்பினார். அவருடைய ஒரு கண் வெள்ளை படர்ந்து வெட்டின கண். முகம் தெளிவாக இருக்கிறதா என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தக் கமெராவுக்குள் பார்த்தால் கீழே ஒரு பச்சைப் பொட்டு இருக்கிறது. கையால் திருப்பிக்கொண்டுபோக, சரியான இடத்தில் அது எரியும். "எழுத்துத் தெரியாத உமக்கும், கண் தெரியாத எனக்கும் செய்து வைச்ச சாமான் இது" என்றார். "பச்சை வந்திட்டுது. அசையாதையும்." சின்னதில் முதல் படம் நான். அதில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

கரம்பொனில் அன்னப்பிள்ளையக்கா தனியே இருந்தவ. பெரிய கமெராவை இரண்டு தரம் படலையில் வைத்தே திருப்பி அனுப்பினவ. சின்னதைக் கண்டதும், "உதென்ன தியாகர், ஆற்றை பேரப்பிள்ளையின்ரை விளையாட்டுச் சாமானைக் களவெடுத்துக்கொண்டு வந்தனீர்?" என்றா.

"இது உங்களுக்குத்தான் அக்கா. பெரிசைத் தூக்கேலாது, நானும் கிழவன்."

"நீர் கிழவனே? அப்ப நான் ஆர்?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. முருங்கைக்காய் நறுக்கின கையால் வாயைப் பொத்தினா. பச்சை வந்தது. அன்று முழுவதும் தியாகண்ணை வழியில் வாய் ஓயாமல் பேசினார். இவ்வளவு காலமும் எடுத்ததில் இதுதான் படம் என்றார்.

அடுத்த வருடம், கொரோனா வந்து ஊரை அடைத்தபோது, அன்னப்பிள்ளையக்கா போனா. மகனுக்கு அந்தப் படத்தை அனுப்பினோம். பிரான்சிலிருந்து அவன் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்: "எங்கடை அம்மா இப்பிடிச் சிரிச்சு நாங்கள் காணேல்லை அண்ணை. பாக்க வேறை ஆரோ மாதிரிக் கிடக்கு. இது வேண்டாம்." அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டார்கள். தியாகண்ணை போனை மேசையில் வைத்துவிட்டு, "அவன் சொன்னதிலை பிழையில்லை. அவன் காணேல்லைத்தானே" என்றார். 

அதன் பின்னும் விடவில்லை. சொப்பிங் பையோடு வீடு வீடாகப் போனார். சிரித்தார்கள், கோழிக்குத் தீன் போட்டார்கள், பேப்பர் பார்த்தார்கள், அவரை ஏசினார்கள். எல்லாவற்றையும் எடுத்தார். அவர் எடுத்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லோரும் வயது போனவர்கள், போகிற வயதுதான். ஆனால் ஊர் வயதைப் பார்க்கவில்லை, கமெராவைப் பார்த்தது. பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருடம், சந்திக் கடையில் வைத்து ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"தியாகற்றை பெரிசு கேட்டு வரும். சின்னது கேளாமல் வரும்."

கடை முழுக்கச் சிரித்தது. தியாகண்ணையும் சிரித்தார். என் தோளில் தட்டி, "முதல் எடுத்தது உவரைத்தான். உவர் நிக்கிறார்தானே?" என்றார்.

"உவருக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லைப் போலை" என்றார் கடைக்காரர்.

வெளியே வந்ததும் என்னிடம், "நாகு, நீர் மட்டும் செத்துத் துலைச்சிடாதையும். என்ரை தொழில் போயிடும்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு தடிமன் வந்தாலும் கொத்தமல்லி அவித்துக்கொண்டு அவரே வந்து நிற்பார்.

அந்தச் சின்னக் கமெராவுக்கு முடிவு முத்தர் வீட்டில் வந்தது. முத்தர் எங்கள் இருவருக்கும் சின்ன வயதுச் சிநேகிதர், புளியங்கூடலில் எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தவர். படலையில் வைத்தே சொன்னார்: "தியாகர், தேத்தண்ணி குடிக்க வாறதெண்டால் வாரும். அந்தப் பையை வெளியிலை வைச்சிட்டு வாரும்."  தியாகண்ணை பையைப் படலைக் கம்பில் கொழுவிவிட்டு உள்ளே போனார். தேத்தண்ணியைக் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். எழும்பி வந்து பையை எடுத்தார். வீட்டுக்குப் போய் அலுமாரிக்குள் வைத்தார். பிறகு அதை அவர் எடுக்கவில்லை. முத்தர் படம் எடுக்காமலேயே அந்த மாரியில் செத்துப்போனார். அதை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கால் வீங்கித் தியாகண்ணை வீட்டோடு கிடந்தபோது வதனி எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, அப்பாவை அந்தச் சின்னக் கமெராவிலை ஒண்டு எடுங்கோ. சும்மா, எனக்குப் பாக்க." நான் அலுமாரியைத் திறந்து, பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றி, அவருக்கு முன்னால் போய் இருந்தேன். கண்ணில் வைத்துத் திருப்பினேன். பச்சை வந்தது. அந்தப் பொட்டுக்கு மேலே அவர் முகம் தெரிந்தது. கதிரையில் இருத்தின முகம். அவர் இவ்வளவு காலமும் எடுத்து எடுத்து வெறுத்த அதே முகம்.

"வையும் நாகு."

"வதனி கேட்டவள் அண்ணை."

"வையும். எனக்கும் பயமாக் கிடக்கு."

வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நித்திரை என்று நினைத்து எழும்பப் போனேன். திரும்பாமலே கேட்டார்.

"உம்மை எடுத்தனான்தானே?"

"ஓம் அண்ணை."

"நீர் இருக்கிறீர்தானே?"

"இருக்கிறன் அண்ணை."

அவரோடு நான் கடைசியாகப் பேசினது அது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில் வதனி பேனையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் வந்தாள். நீ படம் கேட்டதில் பிழையில்லை பிள்ளை, அதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தில் நீங்கள் பார்க்கிற தியாகண்ணை அடையாள அட்டைத் தியாகண்ணை. அரசாங்கக் கந்தோர் வாசலில் யாரோ கூப்பிடும்வரை காத்திருக்கிறவர் மாதிரி இருக்கிறார். எங்களிடம் வேறு படம் இல்லை. கமெராவை வதனி எனக்குத் தந்துவிட்டாள். பெரியதை வாங்க ஆள் வந்தது, சின்னதை ஒருவரும் கேட்கவில்லை. இடைக்கிடை எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பேன். அதே பாரம்தான். கண்ணில் வைத்து வெறும் கதிரையைப் பார்த்துத் திருப்புவேன். கதிரைக்கும் பச்சை வருகிறது.

நேற்று வதனி அதைத் தட்டித் தட்டி உள்ளே இருக்கிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் பெயர் சொன்னேன், எந்த மழைக்கு, எந்தத் திருவிழாவுக்கு முன்பின்னாகப் போனார்கள் என்றும் சொன்னேன். அன்னப்பிள்ளையக்கா வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறா. எல்லாம் முடிந்து, மண்கும்பான் கடற்காற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நிற்கிற படத்தில் வந்து நின்றது. பின்னால் ரயர் வெடித்த பஸ்.

"இதுக்குள்ளை இப்ப உயிரோடை ஆர் மாமா இருக்கினம்?" என்று கேட்டாள்.

அவருக்காகத்தான் இவ்வளவு நாளும் சாகாமல் இருந்தேன். நான் இருக்கிறதை இனி யாருக்குக் காட்டுவது? இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். ஒருவர்தான் பிள்ளை. எழுது: கந்தையா நாகமுத்து, புளியங்கூடல்.