கடலில் போட்ட பச்சைச் சட்டை

என் வீட்டுக்காரர் வீட்டுக் குப்பையை வாசலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். தீவுக் குப்பை என்றால் விடியுமுன் வேனில் ஏறி உட்கார்ந்திருப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு ஈப்போவிலிருந்து லூமுட் துறைமுகத்துக்கு வேன், அங்கிருந்து பங்கோர் தீவுக்கு ஃபெரி. ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம் அது. கடற்கரையில் குப்பை பொறுக்குவதற்கும் ஒரு சங்கமா என்று நானே கேலி செய்திருக்கிறேன். வாரமெல்லாம் லோரி ஓட்டும் மனிதரை ஞாயிற்றுக்கிழமையிலாவது பார்க்க வேண்டாமா? அதனால் நானும் கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சங்கத்தைத் தொடங்கியது அவரும் அவருடைய கூட்டாளியும். இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் விற்றுப்போனபின் ஒன்றாகவே புந்தோங்குக்கு வந்தார்கள். கூட்டாளி மோட்டார் பட்டறை வைத்திருந்தார். சங்கத்தின் சாக்கு, கையுறை, பச்சைச் சட்டை எல்லாம் அந்தப் பட்டறையில்தான் கிடக்கும். நான் அவரை அண்ணே என்பேன்.

என் வீட்டுக்காரருக்குப் பெரிதாகக் கோபம் வராது. அஸ்தி கரைக்கும்போது போட்ட சாமான்கள் கரை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் மட்டும் வந்துவிடும். ஜிகினா மாலை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது வேட்டி, கண்ணாடி உடைந்த படம். லூமுட் படகு ஜெட்டியில் ஒருமுறை, அஸ்திப் பானையோடு போட்டில் ஏறப்போன குடும்பத்திடம், "அந்தப் பிளாஸ்டிக்க மட்டும் பிரிச்சிருங்கலா" என்று மெதுவாகத்தான் சொன்னார். இறந்தவரின் மகன் இவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

"ஒன் வீட்ல எழவு விழட்டும், அப்பத் தெரியும்!"

இவர் விலகி அவர்களுக்கு வழி விட்டார். ஃபெரியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடமும் கூட்டாளியிடமும் சொன்னார்.

"எனக்குச் சாம்பலும் பூவும் போதும்லா. வேற எதயாச்சும் போட்டீங்கன்னா நானே கரைக்கு வந்து கெடப்பேன். நீங்கதான் பொறுக்கணும்."

"மச்சான், வாயக் கழுவு" என்றார் கூட்டாளி. மூவரும் சிரித்தோம்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவர் வாசலிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அஸ்தி கரைக்கப் பெண்கள் வரக்கூடாது என்றார்கள். அவர் கேட்டதைச் செய்து முடிக்கிறவள் நான்தான், நான் வராமல் பானை நகராது என்று சொல்லி லூமுட்டில் போட் ஏறினேன். கொழுந்தனார் பை நிறைய சாமான் கொண்டுவந்திருந்தார். அதைப் பிடுங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன். மாலையிலிருந்த ஜிகினாவையும் நாரையும் பிய்த்தெடுத்துப் பூவை மட்டும் உதிர்த்தேன். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். சாம்பல் போயிற்று, பூ போயிற்று. அவர் கேட்டபடியே அனுப்பிவிட்டோம் என்று மூச்சுவிட்டேன்.

போட் திரும்பும்போது பின்னாலிருந்து ஓர் ஓலம் கேட்டது. கூட்டாளி தன் மடியிலிருந்து எதையோ எடுத்துக் கடலில் எறிந்தார். "மச்சான், போட்டுக்கிட்டுப் போ மச்சான்!"

என் வீட்டுக்காரரின் பச்சைச் சட்டை.

அதை எறிந்தது வருஷக்கணக்காகக் குப்பை பொறுக்கிய கை. போட்டைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"ஒங்களுக்குக் கூடவாண்ணே தெரியல? அது நைலான்ண்ணே, மக்கவே மக்காது!"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன்பின் அவரிடம் நான் பேசவில்லை.

கருமாதி முடிந்ததும் மறுபடி சங்க வேனில் ஏறினேன். ஊர் வாய் பேசியது, நான் காதில் வாங்கவில்லை. மற்றவர்கள் எல்லாக் குப்பையையும் பார்த்தார்கள். நான் பச்சையை மட்டும் பார்த்தேன். பச்சை போத்தல், பச்சைக் கயிறு, பச்சை வலைத்துண்டு. ஒவ்வொன்றையும் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்ப்பேன். ஆளுக்கொரு பச்சைச் சட்டை போட்டிருந்தாலும் அவருடையது எனக்குத் தெரியும். அக்குளில் கிழிந்திருந்ததைச் சிவப்பு நூலால் தைத்திருந்தேன், அப்போது கையில் அந்த நூல்தான் இருந்தது. "அக்குள்ல குங்குமம் வச்ச ஒரே ஆள் நான்தான்" என்று எல்லாரிடமும் காட்டிச் சிரிப்பார்.

முதலில் எனக்கிருந்தது ஆத்திரம்தான். சாகும்வரை வேறு எதுவும் கேட்காத மனிதர் கேட்ட ஒன்று, அதையும் கெடுத்துவிட்டார்களே என்ற ஆத்திரம். மாதங்கள் போகப் போக அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறு வருகிறதென்றால் முந்தின நாளே எனக்கு உற்சாகம் வந்துவிடும். வீட்டில் அவர் இல்லாத இடமெல்லாம் என்னைக் கொன்றது. கடற்கரையில் மட்டும் அவருக்காகச் செய்ய இன்னும் ஒரு வேலை இருந்தது. கிடைக்கக்கூடாது என்றுகூடச் சில நாள் வேண்டிக்கொண்டேன். இதை யாரிடம் சொல்வது?

அடைமழை ஓய்ந்த ஒரு ஞாயிறு, கரை முடிகிற பாறைப் பக்கம் போனேன். அறுந்த வலையொன்று பாறையிடுக்கில் சிக்கிக் கிடந்தது. வலைக்குள் பச்சையாக ஒரு சட்டைக் கை. இழுத்தேன். நிறம் வெளுத்து, சேறும் சிப்பியும் ஒட்டியிருந்தது. அக்குளைத் திருப்பிப் பார்த்தேன். நூல் அறுபடவில்லை.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த கூட்டாளி அதைப் பார்த்துவிட்டு நின்றார். சட்டையை அவர் தொடவில்லை.

"வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ தங்கச்சி. தொவச்சா சுத்தமாயிரும்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். கடல் வாடைதான் வந்தது, அவர் வாசனை இல்லை.

"அவரு என்னாண்ணே சொன்னாரு?"

அவர் வாய் கோணியது. "பொறுக்கணும்னாரு."

"அப்பச் சாக்கப் பிடிங்க."

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசியது அதுதான். அவர் அழுதுகொண்டே சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். நான் சட்டையை மடியில் பரப்பி, மணலைத் தட்டி, கையை உள்ளே மடக்கி, வீட்டில் அவருக்கு மடித்து வைப்பதுபோல மடித்தேன். குப்பையை மடித்துப் போடுகிறேனே என்று தோன்றியது. தோன்றினால் என்ன? போத்தல்களின் மேல் அதை வைத்தேன்.

"வேறெதாச்சும் இருக்கா, பாரு தங்கச்சி" என்றார் பழக்கத்தில்.

கரை நெடுகக் குப்பை கிடந்தது. எனக்குத் தேட எதுவும் இல்லை.