நீல ஆந்தை ஜோடி

தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் அவருக்குப் பெயர் உப்பு சார். உப்புக்கும் மிளகுத்தூளுக்குமான பழைய பீங்கான் குப்பிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். சேவலும் கோழியும், பூட்ஸும் தொப்பியும், ரயில் எஞ்சினும் பெட்டியும். ஒன்றிலாவது உப்பு போட்டதுண்டா என்றால், மூச்! அவர் மனைவி உப்பை எடுப்பது பழைய காப்பித்தூள் டப்பாவிலிருந்துதான்.

அலமாரியின் நடுத்தட்டில் ஒரு ஜோடி நீல ஆந்தைகள், ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு. "இந்த மாதிரி ஜோடி ஊர்லயே வேற யார்கிட்டயும் கிடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மறுத்துப் பேச யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை.

ஒரு நாள் மாடியில் குடியிருக்கும் தையல்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். போனால், மேஜை நடுவில் அதே ஆந்தைகள்! தையல்காரர் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, முட்டைமேல் தட்டு தட்டென்று தட்டினார்.

"இதை எனக்குக் குடுத்துடுங்களேன். என்ன விலை சொன்னாலும் சரி."

"அட போங்க சார், உப்பு டப்பாவுக்குப் போய் விலையா! சின்னவ இது இல்லாம சாப்பிடவே மாட்டா."

அன்றிலிருந்து உப்பு சாருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் தானாகவே போய் விருந்தாளியானார். உப்பு ஆந்தையைக் கையில் எடுத்தார், கீழே விட்டார். பாவி மனுஷன், நிதானமாகத்தான் விட்டார்.

"ஐயையோ, கை தவறிடுச்சே!"

சின்னவள் ஓவென்று அழுதாள். தையல்காரர் மனைவியோ, "போகட்டும் விடுங்க. உங்க கையில எங்கயும் கீறலையே?" என்று அவர் விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. படி இறங்குவதற்குள் அது சரியாகிவிட்டது.

மறுநாள் அவர் கடைக்குப் போய்த் திரும்பியபோது நடுத்தட்டு காலியாக இருந்தது.

"மாடியில குடுத்துட்டேன்" என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு ராத்திரியும் சாப்பிடலையாம். நாம உடைச்சது, நாமதானே ஈடு கட்டணும்? நீங்கதான் குடுத்தனுப்பினீங்கன்னு சொன்னேன். தங்கமான மனுஷன்னாங்க."

ஊரில் இப்போது ஒரே ஜோடிதான், அதுவும் மாடியில். திருப்பிக் கேட்கவும் வழியில்லை. உப்பு சார் காலி நடுத்தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மனைவி அதைப் பார்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இவ்ளோ நல்ல மனசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.